சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: கிழக்கே போவதா, மேற்கே போவதா?

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் இல்லை. மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படும் பெற்றோரும், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் பொறியாளரும், முதன்முறையாகப் படிக்கச் செல்லும் மாணவரும் டிக்கெட் வாங்க உட்காரும்போது ஒரே குழப்பத்தில் வந்து நிற்கிறார்கள். மேற்கே துபாய், தோஹா, பிராங்க்பர்ட், லண்டன் என்று நான்கு வழிகள். கிழக்கே சிங்கப்பூர், ஹாங்காங் என்று இரண்டு. போதாக்குறைக்கு டெல்லிக்குச் சென்று அங்கிருந்து ஏறும் வழி வேறு. பயணத் தளங்கள் இவற்றைக் கட்டண வரிசையிலோ மொத்த நேர வரிசையிலோ அடுக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடுகின்றன. அந்த வரிசையை மட்டும் நம்பி முடிவெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்த இரு நகரங்களைப் பொறுத்தவரை தூரம் எந்த வழியையும் தெளிவாக முன்னிறுத்துவதில்லை. பயணம் எந்த இடத்தில் முறிகிறது, அந்த முறிவில் ஏதேனும் கெட்டுப்போனால் என்ன ஆகும், பயணம் செய்பவர் யார் ஆகிய மூன்றுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை.

## தூரம் எவ்வளவு, அது ஏன் உதவவில்லை

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். பூமியின் மேற்பரப்பில் எந்த இரு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தொலைவே ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர்தான் என்பதால், அதில் பத்தில் ஏழு பங்கை இந்தப் பயணம் கடக்கிறது. உலக உருண்டையை எடுத்து இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த நூல் கிழக்கிலும் போகாது, மேற்கிலும் போகாது. ஒடிசா, நேபாளம், திபெத், மங்கோலியா என்று வடக்கே ஏறி, கிழக்கு சைபீரியாவைக் கடந்து, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவில் இறங்கும். சென்னையிலிருந்து பார்த்தால் சான் பிரான்சிஸ்கோ உண்மையில் வடக்கே இருக்கிறது.

இந்தக் காரணத்தால்தான் கிழக்கே சாய்ந்தாலும் மேற்கே சாய்ந்தாலும் கூடுதல் தூரம் பெரிதாக மாறுவதில்லை. கீழே உள்ள தூரங்கள் இரு கட்டங்களின் மிகக் குறுகிய வான்தூரத்தைக் கூட்டி முழுமைப்படுத்தியவை. விமானம் உண்மையில் பறக்கும் பாதை காற்றையும் வான்வெளித் தடைகளையும் பொறுத்து இவற்றைவிட நீளும். நேரங்கள் விமானத்தில் இருக்கும் நேரம் மட்டுமே, அவையும் ஏறத்தாழ.

| வழி | முதல் கட்டம் (கி.மீ.) | இரண்டாம் கட்டம் (கி.மீ.) | மொத்தம் (கி.மீ.) | போகும்போது விமானத்தில் | திரும்பும்போது விமானத்தில் |
|---|---|---|---|---|---|
| டெல்லி | 1,760 | 12,370 | 14,130 | 19 மணி நேரத்துக்கு மேல் | 19 மணி நேரத்துக்கு மேல் |
| ஹாங்காங் | 3,710 | 11,110 | 14,820 | 18–18½ மணி | 20–21 மணி |
| துபாய் | 2,930 | 13,030 | 15,960 | 20 மணி | 20 மணி |
| தோஹா | 3,290 | 13,000 | 16,290 | 20½ மணி | 20 மணி |
| சிங்கப்பூர் | 2,920 | 13,590 | 16,510 | 19½–20 மணி | 21 மணி |
| பிராங்க்பர்ட் | 7,590 | 9,150 | 16,740 | 21½–22 மணி | 20½ மணி |
| லண்டன் | 8,230 | 8,620 | 16,850 | 22 மணி | 20½–21 மணி |

ஹாங்காங் வழிக்கும் லண்டன் வழிக்கும் உள்ள வேறுபாடு சுமார் 2,000 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அது இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் இடைநிலையத்தில் காத்திருக்கும் நேரமோ ஒரே விமான நிறுவனத்தின் இரண்டு டிக்கெட்டுகளுக்கு இடையிலேயே இரண்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை வேறுபடுகிறது. தூரத்தில் மிச்சப்படுத்தியதைக் காத்திருப்பு ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, நீண்ட கட்டத்தின் நீளம். இருபது மணி நேரத்தை நான்கும் பதினாறுமாகப் பிரிப்பது வேறு, பத்தும் பத்துமாகப் பிரிப்பது வேறு. எகானமி வகுப்பில் பதினாறு மணி நேரம் ஒரே இருக்கையில் இருப்பது முப்பது வயதினருக்கு அலுப்பு. எழுபது வயதில் மூட்டுவலியோ கால்வீக்கமோ உள்ளவருக்கு அது உடல்நலப் பிரச்சினை. நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருப்பதால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்திலும் உண்டு, நேரம் கூடக் கூட அதுவும் கூடும். இதை நான் எல்லா அளவுகோல்களுக்கும் மேலாக வைக்கிறேன்.

இரண்டாவது, இணைப்பு தவறினால் அடுத்த விமானம் எப்போது என்பது. இதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம் போகும் தடத்தில் முதல் விமானம் தாமதமானால், இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் அல்லது அமெரிக்காவின் வேறொரு நகரத்துக்கு அனுப்பப்பட்டு அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டும். அப்படி அனுப்பப்படுபவர் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, விசா. அமெரிக்க விசா கையில் இருந்தாலும் இடைநிலையத்துக்கென்று தனி விதிகள் உண்டு. அவை போகும்போது ஒருவிதமாகவும் திரும்பும்போது வேறுவிதமாகவும் அமையலாம்.

நான்காவது, வான்வெளி. 2022-க்குப் பிறகு உலக வரைபடத்தில் பல பகுதிகள் பல நிறுவனங்களுக்கு மூடிக் கிடக்கின்றன. யாருக்கு எது மூடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே தடத்தின் நேரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

ஐந்தாவது, டிக்கெட் விலையில் தெரியாத செலவுகள். மலிவுக் கட்டணத்தில் இரண்டாவது பெட்டிக்குக் கேட்கும் பணம், இருக்கை தேர்வுக் கட்டணம், இரவு தங்கும் அறை, தேதி மாற்றினால் பிடிக்கும் தொகை ஆகியவை சேர்ந்தால் வரிசையில் மூன்றாவதாகத் தெரிந்த டிக்கெட்டே உண்மையில் மலிவாக இருப்பதும் உண்டு.

உடல் கடிகாரத்தின் குழப்பத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் இந்திய நேரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரமும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. ஏறத்தாழ பகல் இரவாகவே மாறிவிடுவதால், எந்தத் திசையில் போனாலும் உடல் பட வேண்டிய பாடு ஒன்றுதான்.

## துபாய், தோஹா வழி

சென்னையிலிருந்து நான்கு மணி நேரம் சற்றுக் கூட, பிறகு ஏறத்தாழ பதினாறு மணி நேரம். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நேர் எதிர்த் தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால் மிகக் குறுகிய பாதை வட துருவத்துக்கு மிக அருகில் செல்கிறது. ரஷ்ய வான்வெளி மேற்கத்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டிருந்தாலும் வளைகுடா நிறுவனங்களுக்குத் திறந்திருப்பதால் இந்தப் பாதை அவற்றுக்கு இன்றும் வாய்க்கிறது. ஆர்க்டிக் வழியே செல்வதால், பசிபிக்கைக் கடக்கும் தடங்களில் போக்குக்கும் வரவுக்கும் இடையே தெரியும் பெரிய நேர வேறுபாடு இங்கே இல்லை.

இந்த வழியின் பலம் சென்னையிலிருந்து துபாய்க்குப் பல விமானங்கள் இருப்பது. புறப்படும் நேரத்தைத் தேர்ந்தெடுத்துக் காத்திருப்பைச் சுருக்கிக்கொள்ளலாம். பலவீனம் அதற்கு மறுபுறம் இருக்கிறது: துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் சான் பிரான்சிஸ்கோ செல்வது பெரும்பாலும் நாளுக்கு ஒரே விமானம். ஆகவே ஒன்றரை மணி நேர இணைப்பைத் தளம் காட்டினாலும் அதை எடுக்காமல் மூன்று மணி நேர இணைப்பை எடுப்பதே அறிவு.

கெட்டுப்போகும் வாய்ப்பையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 16 அன்று கொட்டிய பெருமழையில் துபாய் விமானநிலையத்தின் ஓடுபாதைகள் நீரில் மூழ்கிப் பல நாள்கள் இணைப்புகள் சிதறின. 2025 ஜூன் 23 அன்று ஈரானின் ஏவுகணைத் தாக்குதலையொட்டிக் கத்தார் தன் வான்வெளியைத் தற்காலிகமாக மூடியது. தோஹா வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களில் இறக்கப்பட்டன. அந்தப் பகுதியில் பதற்றம் நிலவும் வாரங்களில் பயணம் என்றால் இந்த வழியைத் தள்ளிவைத்துவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம்.

விசா விஷயத்தில் துபாய் இலகுவானது. விமானநிலையத்துக்குள்ளேயே விமானம் மாறும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. இணைப்பு தவறி வெளியே தங்க நேர்ந்தாலும், செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ உள்ள இந்தியர் அங்கு இறங்கியதும் விசா பெற முடியும். ஒரே ஓர் எச்சரிக்கை: ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளுக்கு மசாலாப் பொருள்கள் கட்டி எடுத்துச் செல்பவர்கள், இடையில் பெட்டியோடு வெளியே வர நேரிடலாம் என்பதை நினைத்து அதை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். சிங்கப்பூரிலும் கசகசாவுக்குக் கட்டுப்பாடு உண்டு.

யாருக்கு ஏற்றது: உடல்நலம் நன்றாக உள்ளவர்கள், ஒரு நீண்ட கட்டத்தைத் தூங்கிக் கழிக்கக் கூடியவர்கள், புறப்படும் நேரத்தில் தேர்வு வேண்டும் என்பவர்கள்.

## சிங்கப்பூர் வழி

தூரக் கணக்கில் துபாயைவிட 550 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் போகும்போது நேரம் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கிறது. காரணம் காற்று. வடக்குப் பசிபிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான உயர்வளிக் காற்று கிழக்கே செல்லும் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பதினைந்து மணி நேரத்தை ஒட்டிப் போகும் விமானம், திரும்பும்போது அதே காற்றை எதிர்த்துப் பதினேழு மணி நேரம் வரை எடுத்துக்கொள்கிறது. திரும்பும் டிக்கெட்டைப் பார்க்காமல் போகும் நேரத்தை மட்டும் பார்த்து இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இரண்டு மணி நேரத்தைக் கவனிப்பதில்லை.

இந்தத் தடத்தில் 2016-ஆம் ஆண்டில்தான் நேரடி விமானங்கள் தொடங்கின. ஜூன் மாதத்தில் யுனைடெட்டும், அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டு நிறுவனங்களும் ஒரே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதால், ஒரு விமானம் போய்விட்டால் மற்றொன்றில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. துபாயைவிட இது எனக்குப் பெரிய நன்மையாகத் தெரிகிறது.

தனியாகப் பயணம் செய்யும் பெரியவர்களுக்கு இந்த வழியை நான் தயங்காமல் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. சென்னை விமானத்திலும் சாங்கி விமானநிலையத்திலும் தமிழில் பேசி உதவி கேட்க ஆள் கிடைப்பது அரிதல்ல. ஆங்கிலம் சரளமாக வராத ஓர் அம்மாவுக்கு, எந்த வாயிலுக்குப் போக வேண்டும் என்று தன் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவது, கட்டணத்தில் சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் கொடுக்கத்தக்க விலை. முனையங்களுக்கு இடையே ரயில் ஓடுகிறது. பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் விமானம் ஏறும் வாயிலிலேயே நடப்பதால், தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் வாயிலுக்குள் போக முடியும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

விமானநிலையத்துக்குள்ளேயே இருந்தால் விசா வேண்டாம். வெளியே தங்க விரும்பினால், அமெரிக்க விசா உள்ள இந்தியர்களுக்கு நிபந்தனைகளுடன் 96 மணி நேரம் வரை விசாவின்றித் தங்கும் சலுகை இருக்கிறது. ஒரு நாள் தங்கி ஓய்வெடுத்துவிட்டு நீண்ட கட்டத்தில் ஏற நினைப்பவர்கள் அந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டுத் திட்டமிடலாம்.

யாருக்கு ஏற்றது: தனியாகப் போகும் பெற்றோர், முதன்முறை வெளிநாடு செல்பவர், இணைப்பு தவறுமோ என்று அஞ்சுபவர். நீண்ட கட்டத்தைத் தாங்க முடியாதவருக்கு ஏற்றதல்ல. இதுவும் பதினைந்து மணி நேரம்தான்.

## ஹாங்காங் வழி

தூரத்திலும் போகும் நேரத்திலும் வெளிநாட்டு வழிகளில் இதுவே முதலாவது. ஐந்தரை மணி நேரம், பிறகு பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டி; நீண்ட கட்டம் துபாயைவிட மூன்று மணி நேரத்துக்கு மேல் குறைவு. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன சென்னை–ஹாங்காங் சேவையை கேத்தே பசிபிக் 2024 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அதே நிறுவனம் நாளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்களை இயக்குவதால், இரண்டாம் கட்டத்தில் தேர்வு உண்டு.

சிக்கல் முதல் கட்டத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஹாங்காங்குக்கு எல்லா நாளும் விமானம் இல்லாத பருவங்கள் உண்டு. நீங்கள் விரும்பும் தேதியில் கிடைக்காமல் போகலாம், ரத்தானால் அடுத்தது மறுநாளும் இல்லாமல் இருக்கலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை தென்சீனக் கடலின் புயல்களும் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் ரகசா புயலின்போது ஹாங்காங்கின் பயணிகள் விமானங்கள் ஒரு நாளுக்கு மேல் நிறுத்தப்பட்டன. திரும்பும்போது சிங்கப்பூர் வழியைப் போலவே எதிர்க்காற்று நேரத்தைக் கூட்டிவிடும். விமானநிலையத்துக்குள் மாற விசா வேண்டாம். வெளியே செல்ல இந்தியர்கள் முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும், அதைச் சென்னையிலேயே செய்துவைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு ஏற்றது: தேதியில் நெகிழ்வு உள்ளவர், குறைந்த நேரத்தில் போய்ச் சேர வேண்டியவர், புயல்காலத்தைத் தவிர்த்துப் பயணம் செய்பவர்.

## பிராங்க்பர்ட், லண்டன் வழி

பட்டியலில் அதிக தூரமும் அதிக நேரமும் காட்டும் இந்த இரண்டு வழிகளையும் பலர் முதலிலேயே கழித்துவிடுகிறார்கள். எனக்கோ, முதியவர்கள் விஷயத்தில் இவைதாம் முதலில் பார்க்கப்பட வேண்டியவை. பிராங்க்பர்ட் வழியில் பத்து மணி நேரமும் பதினொன்றரை மணி நேரமும். லண்டன் வழியில் ஏறத்தாழ பதினொன்றும் பதினொன்றும். பயணம் நட்டநடுவில் முறிகிறது. உடல் எழுந்து நடக்கிறது, கால் நீட்டுகிறது, நல்ல கழிவறையில் முகம் கழுவி மருந்து சாப்பிட்டு இரண்டாவது பாதியைத் தொடங்குகிறது. மொத்தத்தில் இரண்டு மணி நேரம் கூடினாலும், ஒரே இருக்கையில் நான்கைந்து மணி நேரம் குறைகிறது. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவருக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவருக்கும், நேரத்துக்கு இன்சுலின் போட வேண்டியவருக்கும் இந்த வேறுபாடு பெரியது.

நள்ளிரவுக்குப் பின் சென்னையை விட்டுக் கிளம்பும் விமானம் காலையில் ஐரோப்பாவை அடையும். பிறகு கிரீன்லாந்துப் பக்கமாக ஏறிச் செல்லும் இரண்டாம் கட்டமும் சூரியனைத் தொடர்ந்தே போவதால் அதே தேதியில் பகலிலேயே சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிவிடலாம். ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது ஐரோப்பாவிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குச் செல்லும் இந்தக் கட்டத்தைப் பாதிப்பதில்லை. லண்டனிலிருந்து மூன்று நிறுவனங்களும் பிராங்க்பர்ட்டிலிருந்து லுப்தான்சாவும் யுனைடெட்டும் சான் பிரான்சிஸ்கோ செல்வதால் இணைப்பு தவறினாலும் மாற்று அருகிலேயே இருக்கும்.

மறைந்திருக்கும் சிக்கல்கள் இங்கே சற்று அதிகம் என்பதால் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு விமானநிலையங்களிலும் உள்ளேயே விமானம் மாறத் தனி விசா வேண்டாம். ஆனால் அமெரிக்காவில் பல ஆண்டுகள் தங்கித் தங்கும் உரிமையை அங்கேயே நீட்டித்துக்கொண்டவரின் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். அப்படிப்பட்டவர் ஊருக்கு வரும் வழியில் லண்டனில் மாறுவதற்கு டிரான்சிட் விசா தேவைப்படலாம். அது இல்லையென்றால் சான் பிரான்சிஸ்கோ கவுண்டரிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். இந்த நிலையில் உள்ளவர்கள் வளைகுடா வழியையோ கிழக்கு வழியையோ எடுப்பதே நிம்மதி.

இரண்டு, இழப்பீடு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி தாமதத்துக்கு 600 யூரோ வரை கிடைக்கும் என்று நம்பி இந்த வழியைத் தேர்வு செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே முன்பதிவில் ஒன்றியத்துக்கு வெளியே தொடங்கி, ஒன்றியத்துக்குள் விமானம் மட்டும் மாறி, மீண்டும் வெளியே முடியும் பயணத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சென்னை–பிராங்க்பர்ட்–சான் பிரான்சிஸ்கோ சரியாக அந்த வகை. எனவே அந்தப் பணத்தை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்; பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, பெட்டி. ஐரோப்பிய நிறுவனங்களின் மிக மலிவான கட்டணங்களில் ஒரு பெட்டி மட்டுமோ, சிலவற்றில் அதுவுமின்றியோ இருக்கும். நம் வீடுகளில் ஆளுக்கு 23 கிலோ இரண்டு பெட்டி இல்லாமல் அமெரிக்கா போவது அரிது. ஆகவே இரண்டு பெட்டிக்கான கட்டணத்தைச் சேர்த்த பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.

நான்கு, வேலைநிறுத்தமும் விபத்தும். ஜெர்மனியில் விமானப் பணியாளர், தரைப் பணியாளர் வேலைநிறுத்தங்கள் 2024-இன் தொடக்கத்தில் தொடர்ந்து நடந்தன. 2025 மார்ச் 21 அன்று அருகிலிருந்த துணைமின்நிலையத்தில் பற்றிய தீயால் லண்டனின் ஹீத்ரோ விமானநிலையம் ஏறத்தாழ நாள் முழுவதும் மூடப்பட்டது. ஆனாலும் வேலைநிறுத்தம் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது என்பதால் அதற்குத் தயாராக முடியும்.

பிராங்க்பர்ட்டில் வாயில்களுக்கு இடையே நடக்க வேண்டிய தூரம் அதிகம். டிக்கெட் வாங்கும்போதே வீல்சேர் கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். நடக்க முடிகிறவர்கள்கூட இதைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

யாருக்கு ஏற்றது: அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், கால், முதுகு, சர்க்கரை, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள், கைக்குழந்தையோடு செல்பவர்கள்.

## டெல்லி வழி

வரைபடத்தில் இதுவே மிகக் குறுகியது. நடைமுறையில் இது வான்வெளி அரசியலின் கையில் இருக்கிறது. டெல்லியிலிருந்து நேர் வடக்கே ஏறுவதற்குத் திபெத்தின் உயர்ந்த மலைப்பரப்பு தடையாக இருப்பதால், இந்திய விமானங்கள் பாகிஸ்தான் வழியாகச் சுற்றித்தான் வடக்கே திரும்பி வந்தன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபின் வட இந்தியாவிலிருந்து மேற்கு நாடுகளுக்குச் செல்லும் சேவைகள் நீண்டன. சில எரிபொருளுக்காக இடையில் இறங்கிச் செல்ல நேர்ந்தது. கிழக்குப் பக்கம் திரும்பிப் பசிபிக்கைக் கடப்பது புதிதல்ல: 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லியிலிருந்து அந்தப் பாதையில் 15,300 கிலோமீட்டரைப் பின்காற்றின் உதவியால் பதினான்கரை மணி நேரத்தில் கடந்தது. கூடுதல் தூரம் போய்க் குறைந்த நேரத்தில் சேரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ரஷ்யாவின் மேலே பறக்கும்போது கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்தத் தடம் காட்டியிருக்கிறது. 2023 ஜூன் மாதத்தில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் இயந்திரக் கோளாறால் ரஷ்யாவின் தொலைகிழக்கிலுள்ள மகதானில் இறங்கியது; 216 பயணிகளும் மாற்று விமானம் வரும்வரை போதிய தங்கும் வசதியில்லாத ஊரில் காத்திருந்தார்கள். 2024 ஜூலையில் அதே தடத்தில் இன்னொரு விமானம் கிராஸ்னயார்ஸ்க்கில் இறங்கியது. யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் உயிர்காக்கும் மருந்துகளை மூன்று நாளைக்காவது கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற பாடம் எல்லா வழிகளுக்கும் பொருந்தும்.

இந்த வழியில் மறைவான செலவு உள்நாட்டுக் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சென்னை–டெல்லி டிக்கெட்டைத் தனியாக வாங்கினால், உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ மட்டுமே இலவசம். மீதி முப்பது கிலோவுக்கு அங்கேயே பணம் கட்ட வேண்டும், டெல்லியில் பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பும் இல்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லியின் மூடுபனி இதைச் சூதாட்டமாகவே ஆக்கிவிடும். ஒரே டிக்கெட்டாக, ஒரே நிறுவனத்தில், சான் பிரான்சிஸ்கோ வரை பெட்டி பதிவாகும்படி வாங்கினால் மட்டுமே இந்த வழியைக் கருதலாம். திரும்பும்போது சுங்கத்துக்காக டெல்லியில் பெட்டியை எடுக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெங்களூரிலிருந்து ஏறுவது இதன் கிளை. 2021 ஜனவரியில் தொடங்கிய அந்தச் சேவையின் முதல் விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தைக் கடந்து பெண் விமானிகளின் கையில் பெங்களூர் வந்து சேர்ந்தது. அதன் அட்டவணை பலமுறை மாறிவந்திருப்பதால், அதை நம்பி ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் உங்கள் தேதியில் அது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தினருக்கு, அது இயங்கும் காலத்தில், சென்னைக்கு வருவதைவிட அதுவே எளிது.

யாருக்கு ஏற்றது: விசா முத்திரை காலாவதியானவர்கள், வெளிநாட்டு விமானநிலையத்தில் மாறவே விரும்பாதவர்கள், நீண்ட கட்டத்தைத் தாங்கக் கூடியவர்கள்.

## ஒரு வழியில் போய் மறுவழியில் திரும்புவது

போகவும் வரவும் ஒரே வழிதான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கிழக்கே போகும்போது காற்று உதவுகிறது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும்போதும், அங்கிருந்து சென்னைக்கு வரும்போதும் அதே மேற்குக் காற்றே உதவுகிறது. ஆகவே சிங்கப்பூர் வழியாகப் போய் பிராங்க்பர்ட் வழியாகத் திரும்பினால் உலகையே ஒரு சுற்று சுற்றி வந்தாலும், நீண்ட கட்டங்களில் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளும். போகும்போது சிங்கப்பூரின் தமிழ் உதவியும், ஆறு மாதம் கழித்துக் களைத்துத் திரும்பும்போது பதினேழு மணி நேரத்துக்குப் பதில் பதினொரு மணி நேரக் கட்டமும் கிடைக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுப்தான்சாவும் ஒரே கூட்டணியில் இருப்பதால் இதை ஒரே டிக்கெட்டாக எழுத முடியும். கேத்தேயும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருப்பதால் ஹாங்காங்–லண்டன் சேர்க்கையும் அப்படியே.

தளங்களின் சாதாரணத் தேடலில் இந்தச் சேர்க்கைகள் தெரிவதில்லை; பல நகரத் தேடலில் நான்கு கட்டங்களையும் தனித்தனியாக இட்டுப் பார்க்க வேண்டும், அல்லது ஒரு பயண முகவரிடம் கேட்க வேண்டும். முகவரிடம் கேட்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நான்கு கட்டங்களும் ஒரே பதிவு எண்ணில் இருக்கின்றனவா, இரண்டு திசையிலும் ஆளுக்கு எத்தனை பெட்டி, திரும்பும் தேதியை மாற்றினால் எந்த நிறுவனத்தின் விதி பொருந்தும். பேரப்பிள்ளையின் பிறப்புக்காகப் போகும் பெற்றோரின் திரும்பும் தேதி பெரும்பாலும் மாறும் என்பதால், மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத டிக்கெட்டை, எவ்வளவு மலிவானாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன்.